ஆடுவதற்கு முன்பே கூலியா?

சென்ற ஆண்டு ஒரு நாள் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்குக் கணக்குப் பாடம் நடத்திக் கொண்டிருந்தேன். பெரிய எண்களை வகுக்கும் பாடம். புத்தகத்தில் உள்ள கணக்குகளைப் போட்டுப் போட்டுப் பிள்ளைகளுக்கும் அலுத்துவிட்டது. உண்மையைச் சொன்னால் எனக்கும் அலுத்துவிட்டது. ஆகவே பலகையில் ஒரு புதுக் கணக்கை எழுதினேன்.

"2009-ஆம் ஆண்டில் கோல்ப் ஆட்டக்காரர் ஒருவர் ஆஸ்திரேலியாவுக்கு வந்து நான்கு நாள் ஆடுவதற்கு ஏறக்குறைய ஒரு கோடி வெள்ளி வாங்கினார் என்று பத்திரிகைகள் எழுதின. நம் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியில் மாதம் 1,700 வெள்ளி ஆனது. அந்தச் சம்பளம் வாங்கும் ஒருவர், ஒரு காசும் செலவழிக்காமல் சேர்த்தால் ஒரு கோடி வெள்ளி சேர எத்தனை ஆண்டு ஆகும்?"

பிள்ளைகள் குனிந்து கணக்குப் போட்டார்கள். ஓர் ஆண்டுக்கு 20,400 வெள்ளி. வகுத்துப் பார்த்தால் 490 ஆண்டுகள்! 1511-இல் போர்த்துகீசியர் மலாக்காவைப் பிடித்து ஏறக்குறைய கால் நூற்றாண்டு கழித்து வேலைக்குச் சேர்ந்த ஒருவர், இப்போதுதான் சேர்த்து முடித்திருப்பார் என்று நான் சொன்னதும் வகுப்பே சிரித்தது.

கடைசி வரிசையில் இருந்த ஒரு பையன் மட்டும் சிரிக்கவில்லை. அவனுடைய அண்ணன் சனி ஞாயிறுகளில் பட்டணத்துக் கோல்ப் கிளப்பில் பை தூக்கப் போகிறவன். பையன் எழுந்து நின்றான்.

"சார், அவரு தோத்துட்டா அந்தக் காசைத் திருப்பிக் கொடுக்கணுமா?"

"வேண்டாம்பா. வந்து ஆடினாலே போதும், காசு அவருடையதுதான்."

"அப்ப எதுக்கு சார் கஷ்டப்பட்டு ஜெயிக்கணும்?"

அந்த நேரம் பார்த்து மணி அடித்தது. நான் தப்பித்தேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அதற்கு நான் தேடிய பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பரிசு வேறு, வருகைப் பணம் வேறு

கோல்ப் நம் தோட்ட மக்களுக்கு முற்றிலும் அந்நியமான ஆட்டம் அல்ல. நான் பிறந்து வளர்ந்த தோட்டத்திலும் துரைமார்களுக்காக ஒன்பது குழி மைதானம் ஒன்று இருந்தது. புல் வெட்டியது நம்மவர்கள். பை தூக்கியது நம்மவர்கள். கால்வாயிலும் செம்பனை மரத்தடியிலும் தொலைந்த பந்துகளைத் தேடிப் பொறுக்கி, கழுவித் துடைத்து மீண்டும் துரைமார்களிடமே விற்றது எங்களைப் போன்ற பையன்கள். ஆடுவதற்கு மட்டும் எங்களுக்கு இடமில்லை.

தொழில்முறைக் கோல்ப் போட்டி பொதுவாக நான்கு நாள் நடக்கும். இரண்டு நாள் முடிந்ததும், பின்தங்கிய பாதிப் பேருக்குக் குறையாமல் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அவர்களுக்கு அந்த வாரம் ஒரு காசும் கிடையாது. விமான டிக்கெட், தங்கும் செலவு, பை தூக்குபவருக்குச் சம்பளம் எல்லாம் அவரவர் கைப்பணம். மீதிப் பேருக்கு, எடுத்த இடத்துக்குத் தக்கபடி பரிசு. பால் நிறுத்துப் பார்த்துச் சம்பளம் போட்ட காலம் நம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். மழை பெய்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லையென்றால் சம்பளமும் இல்லை. கோல்ப் ஆட்டக்காரரின் பிழைப்பும் ஏறக்குறைய அப்படித்தான்.

வருகைப் பணம் என்பது வேறு. "நீங்கள் எங்கள் போட்டிக்கு வாருங்கள், வந்தாலே இவ்வளவு தருகிறோம்" என்று நட்சத்திர ஆட்டக்காரருக்கு முன்கூட்டியே பேசிக் கொடுப்பது. அவர் முதலிடம் வந்தாலும் சரி, இரண்டாம் நாளே வெளியேறினாலும் சரி, அந்தப் பணம் அவருக்கே.

அமெரிக்காவின் முக்கியச் சுற்றான பி.ஜி.ஏ. டூரின் விதிகள் இதை அனுமதிப்பதில்லை. ஐரோப்பா, ஆசியா, ஆஸ்திரேலியா ஆகிய பகுதிகளில் இது நெடுங்கால வழக்கம். காரணம் எளிது. பெரிய நட்சத்திரங்கள் பலர் அமெரிக்காவிலேயே ஆடுகிறார்கள். அங்கே பரிசும் பெரிது. கடல் கடந்து அவர்களை இந்தப் பக்கம் வரவழைக்க வேண்டுமானால் தனியாக ஏதாவது கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

அமெரிக்காவிலும் கதை முழுக்கச் சுத்தம் என்று சொல்வதற்கில்லை. போட்டிக்குப் பணம் போடும் நிறுவனம், தன் வாடிக்கையாளர்களோடு ஒரு நாள் ஆட நட்சத்திரத்தைத் தனியாக அமர்த்திக் கொண்டால் அது விதிமீறல் ஆகாது. 2021-இல் பி.ஜி.ஏ. டூரே, மக்கள் கவனத்தை அதிகம் ஈர்த்த பத்து ஆட்டக்காரர்களுக்கென்று 4 கோடி டாலரை ஒதுக்கியது. முன்வாசலைப் பூட்டிவிட்டுப் பின்வாசலைத் திறந்து வைத்த கதைதான்.

பாங்காக்கும் மெல்பர்னும்

1997 பிப்ரவரியில் டைகர் வூட்ஸ் தம் தாயார் பிறந்த நாடான தாய்லாந்துக்கு வந்து, பாங்காக்கில் நடந்த ஆசிய ஹோண்டா கிளாசிக் போட்டியில் ஆடினார். அப்போது அவருக்கு வயது 21. வருகைப் பணமாக அவருக்கு ஏறக்குறைய 480,000 அமெரிக்க டாலர் தரப்பட்டதாகச் செய்தி வந்தது. முதல் பரிசோ ஏறக்குறைய 48,000 டாலர்தான். வந்ததற்குப் பத்து மடங்கு, வென்றதற்கு ஒரு மடங்கு!

என் கணக்கில் வந்த ஆஸ்திரேலியப் பயணம் 2009 நவம்பரில் நடந்தது. அவரும் டைகர் வூட்ஸ்தான். மெல்பர்னில் ஆஸ்திரேலிய மாஸ்டர்ஸ் போட்டி. வருகைப் பணம் 30 லட்சம் அமெரிக்க டாலர் என்று பத்திரிகைகள் எழுதின. ஆட்டக்காரர் எல்லாருக்குமாகச் சேர்த்து வைத்திருந்த பரிசுத் தொகையே 15 லட்சம் ஆஸ்திரேலிய டாலர்தான். அதற்கும் மேலே ஒன்று: வருகைப் பணத்தில் ஏறக்குறைய பாதியை விக்டோரியா மாநில அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. அதாவது மக்கள் வரிப்பணம். "மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் இல்லாத பணம் கோல்ப் ஆட்டக்காரருக்கு மட்டும் எங்கிருந்து வந்தது?" என்ற குரல் அங்கே எழுந்ததில் வியப்பில்லை.

அரசாங்கம் சொன்ன பதிலும் அலட்சியப்படுத்தக் கூடியதல்ல. பதினொரு ஆண்டுகளுக்குப் பின் அவர் ஆஸ்திரேலியாவுக்கு வருகிறார்; டிக்கெட்டுகள் முன்கூட்டியே விற்றுத் தீர்ந்தன; ஓட்டல், உணவகம், வாடகைக் கார் என்று பல வழிகளில் போட்ட பணத்தைப் போல் பல மடங்கு ஊருக்குள் வரும் என்பது அவர்கள் வாதம்.

இப்போது என் மாணவன் கேட்ட கேள்விக்கு வருவோம். காசு முன்பே உறுதியாகிவிட்டதால் டைகர் வூட்ஸ் ஏனோதானோ என்று ஆடினாரா? இல்லை! பாங்காக்கில் அவர் பத்து அடி வித்தியாசத்தில் வென்றார். மெல்பர்னில் இரண்டு அடி வித்தியாசத்தில் வென்றார். கூலி முன்பே கிடைத்தாலும் கை சோரவில்லை. உண்மையான ஆட்டக்காரனுக்குக் காசு ஒரு பக்கம், ஆட்டம் ஒரு பக்கம்.

எல்லாரும் அப்படி இருப்பார்களா என்பது வேறு கேள்வி. ஆனால் வருகைப் பணம் வாங்கினாலே மனிதன் சோம்பேறி ஆகிவிடுவான் என்ற வாதம் இந்த இரண்டு போட்டிகளிலும் நிற்கவில்லை. அப்படியானால் குற்றம் எங்கே இருக்கிறது? அதற்கு இன்னொருவர் கதையைச் சொல்ல வேண்டும்.

பெட்ரேன்யாப் பையன்

ஸ்பெயின் நாட்டின் வட கடற்கரையில் பெட்ரேன்யா என்று ஒரு சிற்றூர். 1957-இல் அங்கே ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் செவி பாயெஸ்தெரோஸ். ஊருக்குப் பக்கத்தில் பணக்காரர்கள் ஆடும் கோல்ப் மைதானம் இருந்தது. ஊர்ப் பையன்கள் அங்கே பை தூக்கப் போவார்கள். ஆட அனுமதியில்லை. செவி, பழைய கோல்ப் மட்டை ஒன்றை வைத்துக்கொண்டு கடற்கரை மணலில் பழகினார். நம் தோட்டத்துக் கதையைப் படிப்பது போல் இருக்கிறதல்லவா?

அந்தப் பையன் 1979-இல் பிரிட்டிஷ் ஓபன் வென்றார். 1980-இல் அமெரிக்க மாஸ்டர்ஸ் போட்டியில் வென்ற முதல் ஐரோப்பியர் ஆனார். அப்போது அவருக்கு வயது 23.

1981-இல் சச்சரவு வந்தது. ஐரோப்பாவில் நடக்கும் போட்டிகளுக்கு அமெரிக்க நட்சத்திரங்களை வருகைப் பணம் கொடுத்து அழைத்தார்கள். "அவர்களுக்குக் கொடுக்கிறீர்கள், எனக்கு ஏன் இல்லை? என்னைப் பார்க்கவும்தானே கூட்டம் வருகிறது?" என்பது செவியின் வாதம். ஐரோப்பியச் சுற்றின் நிர்வாகம் இணங்கவில்லை. இவரும் விட்டுக் கொடுக்கவில்லை. முடிவில், ஐரோப்பாவும் அமெரிக்காவும் மோதும் ரைடர் கிண்ணப் போட்டிக்கான அணியில் அவர் பெயர் விடுபட்டது. அந்த ஆண்டு ஐரோப்பா 9½-க்கு 18½ என்ற கணக்கில் படுதோல்வி கண்டது.

பிறகு அணித் தலைவரான டோனி ஜாக்லின் அவரைச் சமாதானம் செய்து 1983-இல் அணிக்கு அழைத்து வந்தார். அந்த ஆண்டு ஒரே ஒரு புள்ளியில் தோல்வி. 1985-இல் வெற்றி! 28 ஆண்டுகளுக்குப் பின் அமெரிக்கா அந்தக் கிண்ணத்தை இழந்தது. ஒன்றைக் கவனியுங்கள்: ரைடர் கிண்ணத்தில் அன்று ஆட்டக்காரர்களுக்குப் பரிசுப் பணம் என்று எதுவும் இல்லை. வருகைப் பணத்துக்காகச் சண்டை போட்ட அதே மனிதர், காசே இல்லாத போட்டியில் உயிரைக் கொடுத்து ஆடினார். 2011-இல் அவர் மறைந்தபோது ஐரோப்பியக் கோல்ப் உலகமே கண்ணீர் விட்டது.

செவியைப் பேராசைக்காரர் என்று நான் சொல்ல மாட்டேன். அந்நியனுக்கு இலை போட்டுவிட்டு வீட்டுப் பிள்ளையை வாசலில் நிற்க வைத்ததைத்தான் அவர் எதிர்த்தார். கூலியைக் கேட்பது தவறு என்று தோட்டத்தில் பிறந்தவன் எவனும் சொல்லக் கூடாது. நம் முன்னோர்கள் கூலியைக் கேட்டதற்காகப் பட்ட பாடு நமக்குத் தெரியும்.

எங்கள் கோயில் திருவிழா

இங்கே என் சொந்த அனுபவம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லாமல் மற்றவர்களுக்கு நியாயம் சொல்வது முறையல்ல.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் நிர்வாகத்தில் நான் செயலாளராக இருந்தேன். தோட்டத்தை விட்டுப் பட்டணம் போனவர்கள் திருவிழாவுக்கு வருவது குறைந்துகொண்டே வந்தது. "பேர் பெற்ற பாடகரைக் கூப்பிட்டால் கூட்டம் வரும்" என்று ஒருவர் சொன்னார். 4,000 வெள்ளி பேசினோம். பாதியை முன்பணமாகக் கொடுத்தோம். கையை உயர்த்தி ஆதரித்தவர்களில் நானும் ஒருவன்.

கூட்டம் வந்தது. அதை மறைக்க மாட்டேன். பாடகர் இரண்டு மணி நேரம் தாமதமாக வந்து நான்கே பாட்டுப் பாடினார். ஆனாலும் மக்கள் மகிழ்ந்தார்கள், உண்டியலும் நிறைந்தது. வரவு செலவு பார்த்தபோது கோயிலுக்கு நட்டமில்லை.

ஆனால் அந்தத் திருவிழாவில் மூன்று நாளும் உருமி மேளம் அடித்தவர்கள் எங்கள் தோட்டத்துப் பையன்கள். கரகத்துக்கும் அடித்தார்கள், தீமிதிக்கும் அடித்தார்கள். கை கொப்பளித்துப் போயிற்று. பட்ஜெட் பாடகரோடு தீர்ந்துவிட்டதால், அவர்களுக்குத் தலைக்கு 30 வெள்ளியும் சாப்பாடும் கொடுத்தோம். "நம்ம பிள்ளைங்கதானே, கோவிச்சுக்க மாட்டாங்க" என்று தலைவர் சொன்னார். நானும் தலையாட்டினேன்.

அவர்கள் கோபித்துக்கொள்ளவில்லை. ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த ஆண்டு திருவிழாவுக்கு உருமி மேளம் இல்லை, அவ்வளவுதான். ஒருவன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான். இரண்டு பேர் பட்டணத்துக் குழு ஒன்றில் சேர்ந்துவிட்டார்கள். மற்றவர்கள் மேளத்தைப் பரணில் போட்டுவிட்டார்கள். பாடகர் காசு வாங்கியதில் குற்றமில்லை. யாருடைய இலையிலிருந்து எடுத்து அவருக்குப் பரிமாறினோம் என்பதில்தான் குற்றம் இருந்தது. அந்தக் குற்றம் எங்களுடையது.

கீழ்ப்படி இல்லாத ஏணி

கோல்ப் விஷயத்திலும் என் கவலை இதுதான். பணம் முழுவதும் மேலே இருக்கும் ஒருவருக்கே போனால், கீழே ஏறி வருகிறவனுக்குப் படி எங்கே?

விஜய் சிங்கை எடுத்துக் கொள்ளுங்கள். பிஜித் தீவில் 1963-இல் பிறந்த இந்திய வம்சாவளியினர். 1980-களில் அவர் நம் நாட்டுச் சபா மாநிலத்தில், கெனிங்காவ் கிளப்பில் கோல்ப் சொல்லிக் கொடுத்து வயிறு கழுவியவர். 1984-இல் மலேசிய பி.ஜி.ஏ. போட்டியை வென்றார். 1992-இல் மலேசிய ஓபன் வென்றார். 2000-இல் அமெரிக்க மாஸ்டர்ஸ் வென்றார். 2004-இல் டைகர் வூட்ஸைத் தாண்டி உலகின் முதல்நிலை ஆட்டக்காரர் ஆனார். உலகம் பார்த்தது மேற்படிகளைத்தான். ஆனால் அவர் கால் வைத்து ஏறிய கீழ்ப்படிகள், நம் வட்டாரத்தில் நடந்த சிறிய போட்டிகளும் அவற்றின் சிறிய பரிசுகளும் அல்லவா?

சிங்கப்பூரின் மர்டான் மாமாட்டும் பை தூக்கித் தொடங்கியவர்தான். 2006-இல் சிங்கப்பூர் மாஸ்டர்ஸ் போட்டியை வென்று, ஐரோப்பியச் சுற்றில் வெற்றி பெற்ற முதல் சிங்கப்பூரர் ஆனார். நம்மவர்களான எம். ராமையா, பி. குணசேகரன் போன்றோரும் மலேசியாவில் தொழில்முறை ஆட்டக்காரர்களாகப் பெயரெடுத்தார்கள். இவர்களைப் போன்றவர்களுக்கு யாரும் வருகைப் பணம் கொடுத்துக் கைதூக்கி விடுவதில்லை. அவர்களுக்கு வேண்டியது, சொந்த ஊரில் ஆண்டு முழுவதும் போட்டிகளும், பத்தாவது இடத்தில் வந்தாலும் வண்டிச் செலவுக்கு மிஞ்சும் பரிசும்தான்.

2022-இல் தொடங்கிய லிவ் கோல்ப் தொடரில் பணம் இன்னும் உயரப் பறந்தது. அந்த ஆண்டு ஒரு போட்டிக்கு 2½ கோடி டாலர், 48 பேர், பாதியில் யாரும் வெளியேற்றப்படவில்லை, கடைசி இடத்துக்கே 120,000 டாலர். அதற்கு முன்பாகவே சிலருக்குப் பல கோடி டாலரில் ஒப்பந்தம். இந்தத் தொடர் 2023 முதல் சிங்கப்பூரின் செந்தோசாவுக்கும் வந்தது. அந்தத் தொடருக்குள் வந்துவிட்டால் வாழ்வுதான். வெளியே நிற்கும் ஆயிரக்கணக்கானோர் நிலை என்ன என்பதைத்தான் கேட்க வேண்டும்.

என் தீர்ப்பு

நட்சத்திர ஆட்டக்காரர் வருகைப் பணம் வாங்கலாமா? வாங்கலாம் என்பதே என் எண்ணம். கூட்டத்தைக் கூட்டுவதும் ஓர் உழைப்பின் பலன்தான். அந்தப் பெயர் ஒரே நாளில் வந்ததல்ல. ஆனால் கொடுப்பவர்களுக்கும் வாங்குபவர்களுக்கும் சில கடமைகள் உண்டு.

முதலாவது, ஒருவருக்குக் கொடுக்கும் வருகைப் பணம், எல்லாருக்குமான பரிசுத் தொகையை மிஞ்சக் கூடாது. விருந்தாளிக்குப் பாயசம் ஊற்றலாம். அதற்காக வீட்டுப் பிள்ளைகளின் சோற்றுப் பானையைக் கவிழ்க்கக் கூடாது.

இரண்டாவது, அரசாங்கப் பணம் கலந்தால் கணக்கு வெளிப்படையாக இருக்க வேண்டும். எவ்வளவு கொடுத்தோம், எவ்வளவு வந்தது என்று போட்டி முடிந்த பிறகும் சொல்ல வேண்டும். போட்டிக்கு முன்னால் போடும் கணக்கு வேறு. பின்னால் வரும் கணக்கு வேறு.

மூன்றாவது, வருகிற நட்சத்திரம் தலையைக் காட்டிவிட்டுப் போகாமல், அந்த ஊர்ப் பிள்ளைகளோடு ஒரு காலைப் பொழுதாவது மைதானத்தில் நிற்க வேண்டும். பை தூக்கும் பையன் கையில் அன்று ஒரு நாளாவது மட்டை இருக்க வேண்டும்.

2025 செப்டம்பரில் நியூயார்க்கில் நடந்த ரைடர் கிண்ணத்தில், அமெரிக்க ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் 500,000 டாலர் ஒதுக்கப்பட்டது. அதில் 300,000 அறப்பணிக்கு. மீதி அவர்கள் விருப்பம். ஐரோப்பிய அணியினர் தங்களுக்குப் பணம் வேண்டாம் என்றார்கள். 15-க்கு 13 என்று ஐரோப்பாவே வென்றது. காசு வாங்கியதால் அமெரிக்கா தோற்றது என்று சொன்னால் அது தவறான பாடம். காசு எங்கே தேவை, எங்கே தேவையில்லை என்று அந்த அணி தெரிந்து வைத்திருந்தது. அதுதான் எனக்குப் பிடித்தது.

மறு வாரம் அந்த மாணவனிடம் இதையெல்லாம் என்னால் முடிந்த மட்டும் எளிமையாகச் சொன்னேன். "நல்லா ஆடுறவன் காசு முன்னாடியே வந்தாலும் ஜெயிக்கத்தான் பார்ப்பான், தம்பி. யாரு வாங்கினாங்கன்னு மட்டும் பார்க்காதே. யாருக்குக் குறைச்சுக் கொடுத்தாங்கன்னும் பாரு" என்றேன்.

அவன் சற்று யோசித்தான். "எங்க அண்ணனுக்குப் போன வாரம் மழைன்னு பாதிதான் சார் கொடுத்தாங்க" என்றான்.

எனக்கு எங்கள் உருமி மேளப் பையன்களின் முகம் நினைவுக்கு வந்தது. இந்த ஆண்டு கோயில் கூட்டத்தில் நான் முதல் ஆளாக எழுந்து ஒரு தீர்மானம் கொண்டுவந்தேன்: வெளியூரிலிருந்து யாரை அழைப்பது என்று பேசுவதற்கு முன், உள்ளூர்ப் பிள்ளைகளின் கூலியை எழுதி முடித்துவிட வேண்டும். இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். ஆனாலும் தீர்மானம் நிறைவேறியது. பரணில் கிடந்த ஒரு மேளம் கீழே இறங்கியிருக்கிறது. மற்றவையும் இறங்கும் என்று காத்திருக்கிறேன்.